ஊசல் உரைத்த உண்மை

ஓர் ஊசல். கம்பியிலே தொங்கும் ஒரு சிறு குண்டு. இப்பக்கம் ஓர் அசைவு, அப்பக்கம் ஓர் அசைவு. அவ்வளவுதான் அதன் வேலை. அதற்கு மதம் இல்லை, மடாதிபதி இல்லை. மன்னனுக்கும் அஞ்சாது, மறைநூலுக்கும் பணியாது. ஈராயிரம் ஆண்டுகளாக அறிஞரும் அருளாளரும் ஒருசேர ஒப்புக்கொண்டிருந்த ஒரு கருத்தை, உலகம் குறையேதுமற்ற முழு உருண்டை என்னும் கருத்தை, அந்த ஊசல்தான் உடைத்தெறிந்தது. வாளெடுத்து அல்ல, வாய்வீச்சினாலும் அல்ல. நாளொன்றுக்கு இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேலாகப் பிந்தி நடந்தே அந்தப் புரட்சியைச் செய்து முடித்தது!

அந்த வரலாற்றை நம் இளைஞர்கள் அறிந்திருக்க வேண்டும். உண்மை எவ்வழியில் கண்டறியப்படுகிறது, எவ்வழியில் கண்டறியப்படுவதில்லை என்பதை அது விளக்குகிறது.

கீழே விழும் பொருளின் வேகம் விநாடிக்கு விநாடி 9.8 மீட்டர் கூடுகிறது என்று பள்ளியிலே படிக்கிறோம். புவியீர்ப்பின் வலிமையைக் காட்டும் எண் அது. தேர்வுக்கு அது போதும், உண்மைக்குப் போதாது. நிலநடுக்கோட்டில் அந்த எண் 9.780. சென்னையில் 9.783. இலண்டனில் 9.812. துருவங்களில் 9.832. கடல் மட்டத்திலேயே, நடுக்கோட்டுக்கும் துருவத்துக்கும் இடையே ஏறத்தாழ நூற்றில் அரைப் பங்கு வேறுபாடு. அரைப் பங்குதானே, அதிலே என்ன இருக்கிறது என்று கேட்கத் தோன்றும். அப்படிக் கேட்டுவிட்டுச் சும்மா இருந்தவர்கள் உலகின் உருவத்தைக் காணவில்லை. அந்த அரைப் பங்கின் பின்னே அலைந்தவர்களே கண்டார்கள்.

உலகம் உருண்டை என்பதே ஒரு காலத்தில் பெரும் புரட்சிக் கருத்து. ஆயிரம் தலைப் பாம்பு உலகைத் தாங்குகிறது என்றும், அசுரன் ஒருவன் அதைப் பாயாகச் சுருட்டிக் கடலுக்குள் ஒளித்தான் என்றும் இங்கே கதை அளந்தனர். கடலே உலகின்மேல்தானே கிடக்கிறது, சுருட்டியவன் எந்தக் கடலில் ஒளித்தான் என்று கேட்டால் பதில் இல்லை! கிரேக்கத்தில் அரிஸ்டாட்டில், சந்திரன்மேல் விழும் உலகின் நிழல் எப்போதும் வட்டமாக இருப்பதைக் காட்டி, உலகம் உருண்டையே என்று மெய்ப்பித்தார். அது பகுத்தறிவின் வெற்றி. ஆனால், வெற்றி பெற்ற கருத்தும் நாளடைவில் விக்கிரகமாகிவிடுவது உண்டு. உருண்டை வடிவே குறையற்ற வடிவம். ஆகவே உலகம் குறையற்ற உருண்டையாகத்தான் இருந்தாக வேண்டும் என்று பின்வந்தோர் பூசை போடத் தொடங்கினர். அளந்து அறிந்த முடிவு, அளக்கவே தேவையில்லாத முடிவாக மாறிவிட்டது.

1672-ஆம் ஆண்டு. பிரான்சு நாட்டு விஞ்ஞானக் கழகம் ழான் ரிஷே என்பவரைத் தென் அமெரிக்காவின் வடகரையிலுள்ள கயேன் என்னும் இடத்துக்கு அனுப்பியது. நிலநடுக்கோட்டுக்கு ஐந்து பாகை வடக்கே உள்ள ஊர் அது. செவ்வாய்க் கோளைப் பாரிசிலிருந்தும் கயேனிலிருந்தும் ஒரே காலத்தில் நோக்கி, அதன் தொலைவைக் கணிக்க வேண்டும். அதுவே அவருக்கு இட்ட பணி. அதற்காகத் துல்லியமான ஊசல் கடிகாரம் ஒன்றை உடன் கொண்டு சென்றார்.

கயேனில் அந்தக் கடிகாரம் பிந்தியது. பாரிசிலே நாள் தவறாமல் நேரம் காட்டிய கடிகாரம், இங்கே நாள்தோறும் இரண்டு நிமிடத்துக்கும் மேலாகப் பின்தங்கியது. விண்மீன்களின் நகர்வைக் கொண்டு சரிபார்த்தார். கடிகாரம்தான் பிந்துகிறது என்பது உறுதியாயிற்று. சரியாக ஓட வேண்டுமானால், ஊசலின் நீளத்தை ஏறத்தாழ 2.8 மில்லிமீட்டர் குறைக்க வேண்டியிருந்தது. ஒரு முறை அல்ல, பத்து மாதங்கள் திரும்பத் திரும்பச் சோதித்தார். ஒவ்வொரு முறையும் அதே விடை.

இதன் பொருள் என்ன? ஓர் ஊசல் ஆடும் நேரம், அதன் குண்டின் எடையைப் பொறுத்தது அன்று. ஊசலின் நீளத்தையும், அதைக் கீழே இழுக்கும் ஈர்ப்பையும் பொறுத்தது. நீளம் மாறவில்லை, ஆட்டம் மெதுவாயிற்று. ஆகவே, கயேனில் ஈர்ப்பு குறைவு!

இதைப் பாரிசு எளிதில் ஏற்கவில்லை. விநாடிக்கு ஓர் ஆட்டம் ஆடும் ஊசலின் நீளத்தையே உலகுக்கெல்லாம் பொதுவான அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம் என்று பிக்கார் என்னும் அறிஞர் 1671-இல்தான் சொல்லியிருந்தார். ஈர்ப்பு ஊருக்கு ஊர் மாறுமானால் அந்தத் திட்டம் என்ன ஆவது? கயேன் வெப்பநாடு, வெப்பத்தால் கம்பி நீண்டிருக்கும், அதனால்தான் கடிகாரம் பிந்தியது என்று சிலர் காரணம் கூறினர். நியாயமான ஐயம்தான். ஆனால் ஐயத்தையும் அளந்து பார்க்க வேண்டுமல்லவா? ஒரு மீட்டர் இரும்புக் கம்பி, வெப்பம் 20 பாகை கூடினால், கால் மில்லிமீட்டர் அளவே நீளும். ரிஷே கண்டதோ அதைப்போல் பதினொரு மடங்கு. 1677-இல் ஹாலி, செயின்ட் ஹெலினா தீவிலே தம் கடிகாரமும் பிந்துவதைக் கண்டார். வெப்பத்தின் மேல் பழிபோட்டுத் தப்பிக்க இனி வழியில்லை.

விளக்கம் தந்தவர் ஐசக் நியூட்டன். 1687-இல் வெளிவந்த அவருடைய பெருநூலில் ரிஷேயின் ஊசலுக்கு உரிய இடம் கிடைத்தது. அவர் கூறியதன் சாரம் இதுதான்: உலகம் தன்னைத்தானே சுற்றுகிறது. சுற்றும் பொருளின் மேலுள்ளவை வெளியே எறியப்படப் பார்க்கும். நடுக்கோட்டில் நிற்பவன் மணிக்கு ஏறத்தாழ 1,670 கிலோமீட்டர் வேகத்தில் சுழற்றப்படுகிறான். துருவத்தில் நிற்பவனோ நின்ற இடத்திலேயே திரும்புகிறான். ஆகவே, நடுக்கோட்டில் ஈர்ப்பின் ஒரு சிறு பகுதி, 289-இல் ஒரு பங்கு, அந்தச் சுழற்சிக்கே செலவாகிவிடுகிறது. மேலும், இப்படி ஓயாது சுழலும் உலகம் முழு உருண்டையாக இருக்க முடியாது. இடுப்பிலே புடைத்தும், இரு தலையிலும் தட்டையாயும் இருக்க வேண்டும். அப்படியானால், நடுக்கோட்டில் நிற்பவன் உலகின் மையத்திலிருந்து அதிகத் தொலைவில் நிற்கிறான். அதனாலும் ஈர்ப்பு குறையும். புடைத்த பகுதியிலுள்ள பொருள் அந்தக் குறைவில் ஒரு பங்கை ஈடு செய்தாலும், முழுவதையும் ஈடு செய்யாது.

இன்றைய அளவுகளில் சொன்னால், நடுக்கோட்டு ஆரம் 6,378 கிலோமீட்டர், துருவ ஆரம் 6,357 கிலோமீட்டர். 21 கிலோமீட்டர் புடைப்பு! துருவத்துக்கும் நடுக்கோட்டுக்கும் உள்ள ஈர்ப்பு வேறுபாட்டில் மூன்றில் இரண்டு பங்கு சுழற்சியால் வருவது. எஞ்சிய ஒரு பங்கு வடிவத்தால் வருவது.

வணிகர் இதைக் கேட்டுத் துருவத்தில் நின்று விற்றால் லாபம் என்று எண்ணலாம். தட்டுத் தராசில் அந்தத் தந்திரம் பலிக்காது. ஒரு தட்டிலுள்ள பொன்னின் எடை குறைந்தால், மறு தட்டிலுள்ள படிக்கல்லின் எடையும் அதே அளவு குறையும். வில் தராசில்தான் வேறுபாடு தெரியும். துருவத்தில் ஒரு கிலோ காட்டிய பொருள், நடுக்கோட்டில் அதே வில் தராசில் 995 கிராம் அளவே காட்டும். பொருள் குறையவில்லை, அதைப் பிடித்திழுக்கும் கை தளர்ந்திருக்கிறது.

நியூட்டன் சொல்லிவிட்டார், உலகம் ஏற்றுக்கொண்டது என்று வரலாறு முடிந்திருந்தால், அது இன்னொரு குருபக்திக் கதையாகத்தான் இருக்கும். அப்படி முடியவில்லை. பிரான்சிலே காசினி குடும்பத்தார், தலைமுறை தலைமுறையாகப் பாரிசு வானாய்வுக்கூடத்தை நடத்தி வந்தவர்கள், பிரான்சின் வடகோடி முதல் தென்கோடி வரை நிலத்தை அளந்தனர். அந்த அளவைக் கொண்டு, உலகம் துருவத்தில் தட்டை அன்று, துருவத்தை நோக்கி நீண்டது என்று 1720-இல் ழாக் காசினி நூல் வெளியிட்டார். ஆங்கிலேயர் ஒரு கட்சி, பிரெஞ்சுக்காரர் ஒரு கட்சி என்னும்படி வாதம் வளர்ந்தது. நாட்டுப் பெருமை குறுக்கே வந்தது. பெரிய மனிதர் பெயர் குறுக்கே வந்தது.

எந்தப் பெயரைக் கொண்டும் இதைத் தீர்க்க முடியாது. தீர்க்க ஒரே வழி அளப்பது. உலகம் துருவத்தில் தட்டை என்றால், அங்கே ஒரு பாகையின் நீளம் நடுக்கோட்டில் உள்ளதைவிட அதிகமாக இருக்க வேண்டும். நீண்டது என்றால், குறைவாக இருக்க வேண்டும். போ, அளந்து வா!

1735-இல் ஒரு குழு அன்றைய பெரு நாட்டுக்குப் புறப்பட்டது. கோதேன், பூகெர், லா கொண்டமின் ஆகியோர் அதன் தலைவர்கள். 1736-இல் மற்றொரு குழு மோபெர்த்துயி தலைமையில் வடதுருவ வட்டத்தை ஒட்டிய லாப்லாந்துக்குச் சென்றது. வடக்கே சென்றவர்கள் உறைந்துபோன டோர்னியோ ஆற்றின் பனிமேல் கோல் வைத்து அளந்தனர். தெற்கே சென்றவர்கள் ஆண்டிஸ் மலைமுகடுகளில் குளிரிலும் காய்ச்சலிலும் ஏறக்குறைய பத்தாண்டு அலைந்தனர். காய்ச்சலுக்கு ஒருவர் பலியானார். கலகக் கூட்டத்தின் கையில் ஒரு மருத்துவர் உயிரிழந்தார். எதற்காக? பொன்னுக்கா, புண்ணியத்துக்கா? ஒரு பாகைக்கு எத்தனை அடி என்ற கேள்விக்கு விடை காண!

விடை வந்தது. லாப்லாந்தில் பாகை நீளம். பாரிசில் அதைவிடக் குறைவு. பெருவில் இன்னும் குறைவு. பிரெஞ்சு அரசின் பணத்தில் சென்ற பிரெஞ்சு அறிஞர்கள், பிரெஞ்சுக் காசினி சொன்னது தவறு, ஆங்கிலேய நியூட்டன் சொன்னதே சரி என்ற முடிவோடு திரும்பினர். நாட்டுப் பற்று உண்மைக்குக் குறுக்கே நிற்க அவர்கள் விடவில்லை.

நியூட்டனின் எண்ணும் விலக்குப் பெறவில்லை. உலகின் உட்புறம் எங்கும் ஒரே அடர்த்தி என்று கொண்டு, தட்டையின் அளவு 230-இல் ஒரு பங்கு என்று அவர் கணித்தார். உண்மையில் அது 298-இல் ஒரு பங்கு. ஏனெனில் உலகம் உள்ளே போகப் போக அடர்த்தி மிக்கது. வெற்றி பெற்ற மோபெர்த்துயியின் அளவுக்கும் விலக்கு இல்லை. சுவீடன் நாட்டவர் 1801 முதல் 1803 வரை அதே பகுதியை மீண்டும் அளந்து, அவர் கண்ட பாகை மிகை என்று காட்டினர். தன் தலைவனையும் திருத்தும் துணிவுதான் விஞ்ஞானத்தின் வலிமை. எந்த வேதத்தில் இத்தகைய பிழைதிருத்தம் உண்டு?

சுழற்சியும் வடிவும் மட்டுமே காரணம் என்றால், ஒரே அகலக்கோட்டில் உள்ள ஊர்களிலெல்லாம் ஈர்ப்பு ஒன்றாகவே இருக்க வேண்டும். அப்படியும் இல்லை. உயரம் ஒரு காரணம்: ஒரு கிலோமீட்டர் மேலே ஏறினால், ஈர்ப்பு பத்தாயிரத்தில் மூன்று பங்கு குறையும். ஆண்டிஸ் மலைமேல் ஊசலை ஆட்டிப் பார்த்த பூகெர், அங்கே ஈர்ப்பு குறைவதைக் கண்டார். காலடியிலுள்ள மலையும் தன் பங்குக்கு இழுப்பதால், உயரத்துக்கு எதிர்பார்த்த அளவு குறையவில்லை என்பதையும் கண்டார். 1738-இல் சிம்பொராசோ மலையின் ஓரத்தில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, மலை அதைப் பக்கவாட்டில் இழுக்கிறதா என்று சோதித்தார். இழுத்தது. ஆனால் அவ்வளவு பெரிய மலைக்கு அந்த இழுப்பு மிகக் குறைவு. மலைக்குள் பள்ளமா, பொந்தா? விடை தெரியவில்லை.

அந்தப் புதிர் அவிழ்ந்தது இந்திய மண்ணிலே. அதன் தொடக்கம் நம் சென்னை. 1802-இல் பரங்கிமலையை ஒட்டிய வெளியில் லாம்ப்டன் என்னும் அதிகாரி சங்கிலி போட்டு அளந்த அடிக்கோட்டிலிருந்து, முக்கோணத்தின்மேல் முக்கோணமாக, இந்தியப் பேரளவை வடக்கே நகர்ந்தது. ஆளும் கும்பினிக்கு நிலப்படம் தேவைப்பட்டது, அதற்காக அளந்தார்கள். அளவு சொன்ன உண்மையோ கும்பினியோடு நிற்கவில்லை. அவருக்குப்பின் பொறுப்பேற்ற எவரெஸ்ட் காலத்தில், நடு இந்தியாவின் கல்யாண்பூருக்கும், இமயத்தை நோக்கிய சமவெளியில் உள்ள கலியானாவுக்கும் இடையே, ஏறத்தாழ 600 கிலோமீட்டர் தொலைவில், ஒரு முரண்பாடு தென்பட்டது. நிலத்தில் அளந்த கணக்கும், விண்மீன் கொண்டு கண்ட கணக்கும் ஐந்தேகால் விகலை வேறுபட்டன. நிலத்தில் அது சுமார் 160 மீட்டர். ஒரு பாகையில் 3,600 விகலை, அதில் ஐந்து!

இமயம் தூக்குக்குண்டைத் தன் பக்கம் இழுப்பதால் வந்த வேறுபாடு இது என்று கருதி, கல்கத்தாவின் பாதிரியார் ஜான் ஹென்றி பிராட் அதன் இழுப்பைக் கணக்கிட்டார். 1855-இல் வெளியான அவர் கணக்குப்படி, வேறுபாடு ஏறத்தாழ பதினாறு விகலை இருக்க வேண்டும். கண்டதோ அதில் மூன்றில் ஒரு பங்கு. விவிலியமும் விஞ்ஞானமும் முரண்பட்டவை அல்ல என்று நூல் எழுதியவர் அந்தப் பாதிரியார். ஆனால் எண் ஒத்துவராதபோது அவர் ஆண்டவன் திருவிளையாடல் என்று கணக்கை மூடி வைக்கவில்லை. ஒத்துவராத எண்ணை அப்படியே அச்சிட்டு அறிஞர் முன் வைத்தார். அந்த நேர்மையை நாம் பாராட்டத்தான் வேண்டும். அதே ஆண்டில் எய்ரி விளக்கம் தந்தார்: நீரில் மிதக்கும் பெருங்கட்டை, மேலே உயர்ந்திருக்கும் அளவுக்கேற்ப நீருக்குள்ளும் ஆழ்ந்திருப்பதுபோல, மலைக்கு அடியிலே இலேசான பாறையால் ஆன வேர் ஒன்று ஆழப் புதைந்து கிடக்கிறது. மேலே மிகை, கீழே குறை. ஆகவே இழுப்பு குறைவு. நெடுங்காலமாகக் கைலாயம் என்றும் தேவர் உறைவிடம் என்றும் கைகூப்பி நின்ற இமயத்தின் அடிப்பகுதியை, ஒரு தூக்குக்குண்டின் சாய்வு காட்டிக்கொடுத்தது!

1865 முதல் பசேவி என்னும் பொறியாளர் ஊசல்களைத் தூக்கிக்கொண்டு, தென்கோடி முதல் இமயம் வரை இந்தியா முழுதும் ஈர்ப்பை அளந்தார். 1871-இல் லடாக்கின் கடுங்குளிர் மேட்டில், ஊசலருகிலேயே உயிர்நீத்தார். அவர் விட்டுச்சென்ற எண்கள் எய்ரியும் பிராட்டும் கண்டதை உறுதி செய்தன: மலைநாட்டின் அடியில் குறை, கடலோரத்தில் மிகை.

ஆக, ஈர்ப்பு இடத்துக்கு இடம் மாறக் காரணம் நான்கு: உலகின் சுழற்சி, உலகின் புடைப்பு, இடத்தின் உயரம், காலடியில் புதைந்துள்ள பொருளின் அடர்த்தி. இந்த நான்கும் கூடியும் குறைந்தும் விளையாடுவதால், பெரு நாட்டின் வாஸ்காரான் சிகரத்தில் ஈர்ப்பு மிகக் குறைவாகவும், வடதுருவக் கடற்பரப்பில் மிக அதிகமாகவும் இருக்கிறது என்று 2013-இல் கணக்கிட்டனர். இரண்டுக்கும் வேறுபாடு நூற்றுக்கு முக்கால் பங்குகூட இல்லை. இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில், அடியாழத்தில் பொருள் குறைந்திருப்பதால், கடற்பரப்பே சீரான கணக்கு மட்டத்தைவிட 106 மீட்டர் தாழ்ந்து கிடக்கிறது. மேலே செல்லும் கப்பலுக்கு அந்தப் பள்ளம் தெரியாது. நீரும் கப்பலும் தூக்குக்குண்டும் ஒன்றாகவே அதற்கு இணங்கிவிடுகின்றன. அந்தப் பள்ளத்தின் காரணத்தைத் தேடி, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தார் 2023-இலும் ஆராய்ச்சி முடிவு வெளியிட்டனர்: ஆழத்திலிருந்து எழும் சூடான, இலேசான பாறைக்குழம்பே காரணம் என்று. கேள்வி இன்னும் தொடர்கிறது. தொடர வேண்டும்.

இனி நம் நாட்டுக் கதைக்கு வருவோம். ஈர்ப்பு இடத்துக்கு இடம் மாறுகிறது என்ற இந்த உண்மையில் அரைத் துண்டைப் பிய்த்தெடுத்து, அதற்குத் திருநீறு பூசி விற்கும் கூட்டம் ஒன்று கிளம்பியிருக்கிறது. இந்தத் தலத்தில் ஈர்ப்பு தனிவிதம், இதற்கு மேலே வரும் செயற்கைக்கோள் சில விநாடி தயங்கி நின்று வணங்கிச் செல்கிறது என்று படித்தவர்களும் கூசாமல் பரப்புகின்றனர். தாழ்ந்த பாதையில் சுற்றும் செயற்கைக்கோள் விநாடிக்கு ஏழு கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. அந்த ஓட்டமே அதை விழாமல் காக்கிறது. நின்றால் வணங்காது, விழும்! ஓரிடத்தின் மேல் நிற்பதுபோல் தோன்றும் கோள்களும் நிலநடுக்கோட்டின் மேலே மட்டுமே அப்படி இருக்க முடியும். தமிழ்நாட்டு ஊர் எதன் உச்சியிலும் அல்ல. தனி ஈர்ப்பு உண்டு என்பவர், அந்த எண்ணைச் சொல்லட்டும். எந்தக் கருவியால், எந்த நாளில், எத்தனை முறை அளந்தார் என்று சொல்லட்டும். ரிஷே பத்து மாதம் சோதித்தாரே, இவர் பத்து நிமிடமாவது சோதித்தாரா?

விண்ணிலே செல்லும் கோள்கள் உண்மையில் என்ன செய்கின்றன என்பதையும் காண்போம். 2002-இல் ஏவப்பட்ட இரட்டைக் கோள்கள், ஒன்றன்பின் ஒன்றாக ஏறத்தாழ 220 கிலோமீட்டர் இடைவெளியில் பறந்தன. கீழே ஈர்ப்பு மிகுந்தால், முன்னது சற்றே முந்தும், இடைவெளி மாறும். அந்த நுண்ணிய மாற்றத்தைக் கொண்டு உலகின் ஈர்ப்பை மாதந்தோறும் படமாக்கினர். 2002 முதல் 2008 வரை இராசத்தான், பஞ்சாப், அரியானாப் பகுதிகளில் ஈர்ப்பு சிறுகச் சிறுகக் குறைந்ததைக் கண்டனர். காரணம்? நிலத்தடி நீர் 109 கன கிலோமீட்டர் அளவுக்கு இறைக்கப்பட்டு மறைந்துவிட்டது. அந்த முடிவு 2009-இல் வெளியாயிற்று. உழவன் கிணற்றில் நீர் வற்றுவதை வானிலிருந்து எடைபோட்டுச் சொல்லும் நிலைக்கு விஞ்ஞானம் வந்துவிட்டது. நாமோ, வறட்சி வந்தால் அண்டாவில் நீர் நிரப்பி, அதற்குள் புரோகிதரை உட்காரவைத்து, வருணனை அழைக்கச் சொல்கிறோம்! நீர் எங்கே போயிற்று என்று ஊசலின் வழித்தோன்றல் கணக்குக் காட்டுகிறது. நீரைத் தருவேன் என்றவர் தட்சணையோடு போய்விட்டார்.

இளைஞர்களே! ஒத்துவராத சிறு எண்ணை அலட்சியம் செய்யாதீர்கள். இரண்டு நிமிடப் பிந்தலில் உலகின் உருவம் ஒளிந்திருந்தது. ஐந்து விகலைச் சாய்வில் இமயத்தின் வேர் ஒளிந்திருந்தது. பெரியவர் சொன்னார் என்பதற்காக ஒன்றை ஏற்காதீர்கள். நமக்குப் பிடித்த பெரியவர் சொன்னாலும் அளந்து பார்த்தே ஏற்றுக்கொள்ளுங்கள். காசினியையும் மோபெர்த்துயியையும் நியூட்டனையும் நிறுத்துப் பார்த்த அதே தராசில், நம் நம்பிக்கைகளும் ஏறட்டும். எடை தாங்குவது நிற்கும். தாங்காதது, எத்தனை ஆயிரம் ஆண்டுப் பழமையானாலும், கீழே விழும்.